ஒருதடவை மாப்பிள்ளை

எங்கள் மருத்துவமனைக் கணினிப் பிரிவில் அவனுக்கு 'ஒருதடவை' என்று பெயர். என் தங்கையைக் கட்டி எனக்கு மாப்பிள்ளையான பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

எங்கள் கணினிகளில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம்; அதன் மூளை மாதிரியான மென்பொருள்தான் கெர்னல். பொத்தானை அழுத்தியதும் முதலில் எழுகிற பூட்லோடர் என்ற சிறு நிரல்தான் பழைய கெர்னலை ஓட்டுவதா, புதியதையா என்று முடிவு செய்யும். புதியதை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க ஒரு கட்டளை உண்டு. அது சொதப்பினாலும் சொதப்பாவிட்டாலும், அடுத்த தடவை கணினி எழும்போது பழையது தானாக வந்துவிடும். இனி இதுதான் என்று நிலையாக்க இன்னொரு கட்டளை. மாப்பிள்ளை முதலாவதைப் போடுவான். இரண்டாவதற்குக் கை வராது.

"இன்னும் கொஞ்சம் பாக்கலாம் மச்சான்."

உட்காருவான், எழுவான், நடப்பான், மறுபடி திரையைப் பார்ப்பான். மதில்மேல் பூனைகூட ஏதாவது ஒரு பக்கம் குதித்துவிடும்.

போன மாதம் ஒரு காலை கரண்ட் போய் வந்ததில் ஆய்வகக் கணினி பழைய கெர்னலுக்குத் திரும்பிவிட்டது. புதிய ரத்தப் பரிசோதனைக் கருவியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. நோயாளிகள் வரிசையில் கத்தினார்கள். வீட்டிலிருந்த மாப்பிள்ளை அவசரமாகச் சட்டை மாற்றிக்கொண்டு ஓடிவந்தான். அப்போதும் அவன் முதல் கட்டளையையே அடிக்கப் போனதைப் பார்த்து, அந்த இரண்டாவது கட்டளையை நானே போட்டேன்.

மாலையில் தங்கை பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"காலையில அவரு கழட்டிப் போட்ட சட்டையில ஒரு சாவி இருந்துச்சுண்ணா. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த ரூமோடது. போய்த் திறந்து பாத்தேன். பாய், ஸ்டவ், எல்லாம் அப்படியே இருக்கு. இன்னும் வாடகை குடுத்துட்டு இருக்காரு."

"அவன் எப்பவுமே அப்படித்தாம்மா..."

"ரெண்டு வருஷமா என்னையும் ஓட்டிப் பாத்துட்டுதான் இருக்காரா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவன் நான். அலுவலகத்தில் அவனோடு பேச்சை நிறுத்தினேன். அவனுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. என் மேசைக்கும் வாசலுக்குமாக அலைந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"ரூமைக் காலி பண்ணிட்டேன். சாவியையும் குடுத்தாச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

தங்கை பெட்டியைத் திறந்தாள். அதிலிருந்து இரண்டு துணிகளை எடுத்து ஒரு பையில் போட்டுக்கொண்டாள். அவன் ஆவலாகப் பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

"அது அண்ணன் வீட்டுலயே இருக்கட்டும்," என்றாள். "ஒரு வாரம் வந்து பாக்கறேன்."

அவள் அவனோடு போய் வாரம் மூன்று ஆகிறது. பெட்டி இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. தினமும் காலையில் மாப்பிள்ளை அலுவலகத்துக்கு வந்ததும் வராததுமாக என் மேசையருகே நிற்கிறான்.

"உங்க தங்கச்சி ஏதாவது சொன்னாளா மச்சான்?"