உள்ளங்காலில் நாலு இடம்

சாயங்காலம் கணவனின் காலைக் கழுவித் துடைத்துப் பார்ப்பது அவள் வேலை. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, காலைத் தூக்கி முக்காலி மேல் போட்டுக்கொள்வார். அவள் தரையில் உட்கார்ந்து ஈரத்துணியால் விரல் இடுக்குகளைத் துடைப்பாள். தண்ணீரின் சூட்டை அவள் முழங்கைதான் முதலில் பார்க்கும். ஒருமுறை அவரே ஊற்றிக்கொண்டு, "சூடே இல்லையே" என்று காலை முக்கிவைத்திருந்தார். தோல் கொப்பளித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அந்தக் கால் அவளுக்கு மனப்பாடம். தட்டைப் பாதம், ஈரக்காலோடு நடந்தால் நடுவில் வளைவே இல்லாமல் செங்கல்லை வைத்து எடுத்த மாதிரி தடம் விழும். கட்டைவிரலின் அடி எலும்பு புடைத்து, விரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்திருந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே கால் ஆணி. குதிகாலில் பித்தவெடிப்பு, களிம்பு தடவினால் மூடும், நாலு நாளில் மறுபடி வாயைத் திறக்கும்.

அவளுக்கும் குதிகால் வலி உண்டு. காலையில் கட்டிலை விட்டு முதல் அடி வைத்தால் முள்ளில் மிதித்த மாதிரி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை போனால் அடங்கிவிடும். அதைப் பார்க்க யாரும் முக்காலி போடவில்லை.

அவர் ஓட்டுநர். லாரி, பஸ் எல்லாம் ஓட்டிவிட்டு இப்போது பள்ளிக்கூட வேன். முக்குக்கு முக்கு ஹாரன் அடிப்பதால் பிள்ளைகளுக்கு அவர் 'ஹாரன் மாமா'. சர்க்கரை வந்து சில வருடம் கழித்து, ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் நுழைந்தார்.

"இன்னொரு செருப்பு எங்கங்க?"

"கால்லதான் இருக்கு."

"குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தார். "அடப்பாவி, விசில் அடிக்காமலே எறங்கிட்டான் பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாள் கால் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் மேஜை மேலிருந்த எலும்புப் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். "ஒரு பாதத்துல இருபத்தாறு எலும்பும்மா. எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நரம்புதான் நுனியிலேருந்து மரத்துக்கிட்டு வருது. சாக்ஸ் போடற மாதிரி விரல்ல ஆரம்பிச்சு மேல ஏறும்." தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையைப் பிடியோடு கொடுத்தார். கணவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இழை வளைகிற வரைக்கும் உள்ளங்காலில் நாலு இடத்தில் அழுத்த வேண்டும். "இப்போதைக்கு உணர்ச்சி இருக்கு, ஓட்டட்டும். என்னைக்குத் தெரியலையோ, அன்னைக்கே வண்டிய நிறுத்திட்டுக் கூட்டிட்டு வாங்க."

அன்றிலிருந்து தினமும் நடந்தது. கட்டைவிரல், முன்பாதம், சுண்டுவிரல் பக்கம், குதிகால். ஒவ்வொன்றுக்கும் அவர் "ம்" என்பார், இடத்தின் பேரையும் சொல்வார். ஒரு நாளும் தப்பியதில்லை. "பாஸா ஃபெயிலா, டாக்டரம்மா?" என்பார். "பாஸ்" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீரைக் கொட்டப் போவாள்.

இன்றைக்குத் தொட்டியில் அடைப்பு எடுக்கும்போது வளையல்களைக் கழற்றிக் குழாய் மேல் மாட்டியிருந்தாள். போட மறந்துவிட்டாள். காலைத் துடைத்துவிட்டு, இழையைக் கட்டைவிரலில் அழுத்தினாள். அவர் பேசவில்லை. முன்பாதத்தில் அழுத்தினாள். பேச்சில்லை. குதிகால் வரை போய்விட்டாள்.

"தூங்கிட்டீங்களா?"

"இல்லையே. நீ எப்ப ஆரம்பிக்கப்போற?"

அவள் கையிலிருந்த இழையைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் வளையல்களைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இழையை மடியில் போட்டுவிட்டு, வெறும் கையை மட்டும் அசைத்தாள்.

"ம். கட்டைவிரல்."

மறுபடி அசைத்தாள்.

"ம். முன்பாதம்."

நாலும் சொல்லி முடித்தார். "பாஸா, டாக்டரம்மா?"

"நான் தொடவே இல்லைங்க."

கண்ணைத் திறந்தார். "வெளையாடாத. தெரிஞ்சுதே."

"வளையல் சத்தம்தான் தெரிஞ்சுது. வரிசை தினமும் ஒண்ணுதானே."

அவர் கோபப்படவில்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பையைப் பார்க்கிற மாதிரி தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தியமா ஏமாத்தல. தெரிஞ்ச மாதிரியேதான் இருந்துச்சு."

அவள் நம்பினாள். அழுகையும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. துணியைப் பிழிந்தாள்.

"பிரேக்க மிதிக்கறது எப்படித் தெரியுது உங்களுக்கு?"

"அதான் வண்டி நிக்குதுல்ல."

"நிக்கற வரைக்கும்?"

அவர் முக்காலியிலிருந்து காலைக் கையால் தூக்கிக் கீழே வைத்தார்.

"பிள்ளைங்களுக்குப் பரீட்சை நேரம். பாதியில விட்டுட்டு வரச் சொல்றியா? லாரியில எத்தனை மலை ஏறி எறங்கியிருக்கேன். கால் மறந்தாலும் கை மறக்காது. இந்த வாரம் மட்டும் ஓட்டிட்டு, அப்புறம் டாக்டர்ட்ட போலாம். அதுக்குள்ள அவர்ட்ட எதையும் உளறிவைக்காத."

அவள் இழையை அதன் உறையில் போட்டாள். களிம்பை எடுத்து வெடிப்பில் தடவினாள். அதை மட்டும் விட்டுவைக்க முடியவில்லை.

"காலையில சீக்கிரம் எழுப்பிவிடு. என்ன?"

அவள் தண்ணீர்ப் பாத்திரத்தை ஒரு கையில் தூக்கிக்கொண்டாள். வாசல் பக்கத்து ஆணியில் வேன் சாவி தொங்கியது. அதை இன்னொரு கையில் எடுத்தாள்.

"ஏய், கேக்கறேன்ல? எழுப்புவியா?"

உட்கார்ந்தே இருந்ததில் அவள் குதிகால் பிடித்துக்கொண்டிருந்தது. நொண்டிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.