கோர்ட்டில் காப்பாற்றிய சாட்சி

அடுத்த வீட்டுக்காரியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு அப்பால் ஓர் அரசாங்க டிஸ்பென்சரியில் என் வீட்டுக்காரர் மருந்து கலந்து கொடுத்தார். அவளுடைய ஆள் இவருக்குக் கீழே வேலை பார்த்தவர். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து, காலை நீட்டித் தேத்தண்ணி குடிப்பார். என்னுடையவரோ மருந்துப் போத்தல்களைப் பையில் அடுக்கிக்கொண்டு தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயம் லயமாக ஏறிக்கொண்டிருப்பார். வேலை நாளில் மருந்துக்கு வந்தால் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு அன்றைய சம்பளம் போய்விடும். அதனால் வெறும் போத்தலைக் கொடுத்தனுப்புவார்கள். ஊருக்கு உழைக்கிற மகராசன் என்று நான் கத்தாத நாளில்லை.

ஒரு நாள் பஸ் நிற்குமிடத்தில் போலீஸ் பையைப் பிடித்தது. அரசாங்க மருந்தைத் திருடி விற்றதாக வழக்கு. இவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். இவருடைய நாற்காலியில் அவள் ஆள் உட்கார்ந்தார். வழக்குத் தோற்றால் நாங்கள் இருந்த குவாட்டர்ஸும் அவர்களுக்குத்தான். எங்கள் வீட்டுக்குள்ளேயே குழாய் உண்டு; அவளோ மலை ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய்ச் சுமக்கிறவள். போகும்போதெல்லாம் எங்கள் சமையலறையை எட்டிப் பார்ப்பாள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

லயத்துப் பெண்கள் நாலு பேர் வேலையை விட்டுவிட்டு அட்டன் கோர்ட்டுக்கு வந்தார்கள். ஐயா வாராவாரம் மருந்து கொண்டுவந்து தருவார், ஒரு சதம் வாங்கியதில்லை என்று சத்தியம் பண்ணிச் சொன்னார்கள். இவருக்கு விடுதலை. அன்றைக்குப் பாயாசம் வைத்து, முதல் கிண்ணத்தை அவளுக்குத்தான் அனுப்பினேன். குடிக்கட்டும் என்று.

பாயாச ருசி போவதற்குள் இலாகா விசாரணை வந்தது. திருடவில்லை என்பது சரி, டாக்டர் பார்க்காத ஆட்களுக்கு மருந்தை வெளியே கொண்டுபோனது குற்றமில்லையா என்று கேட்டார்களாம். அதற்குச் சாட்சி? அந்த நாலு பெண்கள் கோர்ட்டில் சொன்னதேதான்.

ஒரே ஒரு தடவை கொண்டுபோனேன் என்று சொல்லிவிடுங்கள், எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று நான் காலைப் பிடிக்காத குறை.

"நான் மாத்திச் சொன்னா அந்தப் பொம்பளைங்க பொய்க்காரிங்க ஆயிடுவாங்க" என்றார்.

எனக்காக ஒரு நாளாவது இப்படி ரோசப்பட்டிருக்கிறாரா இந்த மனுசன்? அந்த நாலு பேர் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. அவர் உள்ளதைச் சொன்னார். வேலை போயிற்று.

நாங்கள் சாமான் கட்டிய அன்று சாவி வாங்க அவள்தான் வந்தாள். வாசலிலேயே நின்றபடி சொன்னாள்.

"நீங்க குடுத்து வச்சவங்கக்கா. எங்க ஆளுக்கு ஒன்னுன்னா கோர்ட்டுக்கு ஒரு நாதி வராது."

ஆறுதலுக்குச் சொன்னாளோ, நிஜமாகவே ஏங்கினாளோ தெரியாது.

"அப்ப ஆள மாத்திக்குவோம். சாவி எங்கிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.