டைரியில் இல்லாத வயிற்றுப்போக்கு

போன வாரம் தஞ்சாவூரில் அக்கா வீட்டில் இருந்தேன். காலை பத்து மணிக்குள் அத்தான் ஆறாவது தடவையாக பாத்ரூம் போனார். மேஜையில் அவருடைய டைரி திறந்து கிடந்தது. அன்றைய தேதிக்கு நேரே அழகான கையெழுத்தில் — 'நலம்'.

முந்தைய பக்கம்? நலம். அதற்கும் முந்தையது? நலம்!

இது சாதாரண டைரி இல்லை. அத்தானுக்கு நுரையீரலில் புற்றுநோய், கல்லீரல் வரை பரவிவிட்டது. கீமோ கைவிட்ட பிறகு, சென்னை மருத்துவமனை ஒன்றில் புது இம்யூனோதெரபி மருந்தின் முதல் கட்டப் பரிசோதனையில் சேர்த்துக்கொண்டார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பிக் கட்டியோடு மோதவிடும் மருந்து. எவ்வளவு டோஸ் தாங்கும் என்று இப்போதுதான் பார்க்கிறார்கள். அந்தச் சக்தி குடலையே தாக்கத் தொடங்கினால்...? அதைக் கவனிக்கத்தான், தினமும் உடம்பு எப்படி என்று எழுதச் சொல்லி இந்த டைரி. வயிற்றுப்போக்கு என்றால் உடனே போன் செய்யுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"என்ன அத்தான் இது?"

"சத்தம் போடாத மாப்ள. சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க. அப்புறம் எனக்கு வேற என்ன இருக்கு?"

அத்தானுக்குப் பேராவூரணியில் தோப்பு. புயலில் பாதித் தென்னை விழுந்த அன்றும், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கோம்" என்று போனில் சொன்ன மனிதர். நம் ஊர்க்காரர்கள் எல்லோருமே அப்படித்தானே? டாக்டரிடம்கூட மரியாதைக்கு நலம் சொல்லிவிட்டு வருகிற ஜாதி!

போன் அடித்தது. சென்னை நர்ஸ். அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"நல்லா இருக்கேங்க."

"வயிறு?"

"ஒரு குறையும் இல்லீங்க."

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். சொன்னால் அவருடைய கடைசி மருந்து போகும். சொல்லாவிட்டால் அவரே போய்விடலாம். நான் வாயைத் திறக்கவில்லை.

"சந்தோஷம் சார். உங்களுக்கு ஒண்ணும் ஆகலேன்னா, அடுத்து வர்றவங்களுக்கு டோஸைக் கூட்டுவாங்க."

அத்தான் முகம் மாறியது. "அடுத்து வர்றவங்கன்னா... யாருங்க?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது சார். உங்கள மாதிரி ஒருத்தர்தான்."

அத்தான் மேஜையில் கிடந்த டைரியை மூடி வைத்தார்.

"மேடம்... பொய் சொல்லிட்டேங்க. நாலு நாளா போகுது. இன்னிக்கு மட்டும் ஆறு தடவை. ரத்தமும் இருக்கு."

நர்ஸின் குரலே மாறிவிட்டது. சென்னைக்கு வர வேண்டாம், பக்கத்திலேயே இந்த நிமிடம் அட்மிட் ஆகுங்கள் என்றார். அரை மணியில் ஆஸ்பத்திரி. சென்னை டாக்டர்கள் போனில் சொல்லச் சொல்ல, குடலைத் தாக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்க ஸ்டீராய்டு ஏற்றினார்கள். மூன்றாம் நாள்தான் போக்கு நின்றது. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் குடல் ஓட்டையாகியிருக்கும் என்றார் டாக்டர். அத்தானுக்கு இனி அந்த மருந்து கிடையாது. அடுத்த ஸ்கேன் என்ன சொல்லுமோ, தெரியாது.

வார்டு வாசலில் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"அவர்தான் அவசரப்பட்டு ஒளறிட்டாரு. நீயாவது வாயத் திறக்காம இருந்தியேடா..."

நன்றியாகத்தான் சொன்னாள். ஒரு நன்றியைக் கேட்டு நான் கூனிக் குறுகி நின்றது, இதுதான் முதல் தடவை.