தண்ணீர் நிற்காத கிடங்கு

இருபத்திரண்டு அடி. உடுவிலில் பத்மாசினியின் வளவுக்குள், கிணற்றுக் கட்டிலிருந்து குப்பை போடும் கிடங்குக் குழி வரையுள்ள தூரம் அது. இந்தப் புரட்டாதியில் சுகாதாரப் பரிசோதகர் கோபிசங்கர் அளவு நாடாவை விரிக்கும்வரை, அறுபத்திரண்டு வயதுப் பத்மாசினி அதை ஒரு தூரமாகவே நினைத்ததில்லை.

கிடங்கை வெட்டியவர் அவருடைய கணவர் அருளம்பலம். தொண்ணூறாம் ஆண்டு, விமானங்கள் குண்டு போட்ட காலம். ஓடிப் பதுங்க வீட்டுக்குக் கிட்டத்தான் பங்கர் வேண்டும். வீட்டுக்குக் கிட்டத்தான் கிணறும் இருந்தது. நெஞ்சளவு ஆழத்தில் சுண்ணாம்புக்கல் தட்டியதும் நிறுத்திக்கொண்டார். சண்டை முடிந்து, மேலே போட்ட பனங்குற்றிகளை எடுத்த பின்னும் அதை மூட யாருக்கும் மனம் வரவில்லை. அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021இல், கடைகளில் உரம் இல்லாமல் போனபோது பத்மாசினி அதற்கு ஒரு வேலை கொடுத்தார்.

கிணறு பங்குக் கிணறு. ஐந்து வீட்டுக்கு அதில் உரிமை உண்டென்று காணி உறுதியிலேயே எழுதியிருக்கிறது. மற்ற நாலு வீட்டுக்கும் மூடியுள்ள பெயின்ற் வாளி ஒவ்வொன்று கொடுத்தார். தேயிலைச் சக்கை, மரக்கறித் தோல், பிழிந்த தேங்காய்ப்பூ, மீன் செதில் எல்லாம் தண்ணீருக்கு வருபவர்களின் கையோடு வந்து சேர்ந்தன. ஒரு படை கழிவு, மேலே ஒரு படை பூவரசங்குழை, ஒரு கை சாம்பல். நாலு மாதத்தில் கறுத்து உரமாய் உதிரும். ஐந்து வளவிலும் கத்தரி காய்த்தது.

கோபிசங்கர் கொண்டுவந்தது கிணற்றுத் தண்ணீரின் சோதனை முடிவை. நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருந்தது.

“மழைக்கு உந்தக் கிடங்கிலை தண்ணி நிக்குமோ, அம்மா?”

“ஒருநாளும் நிண்டதில்லைத் தம்பி,” என்றார் பத்மாசினி, பெருமையாகவே. “எந்த மாரிக்கும் கால் நனையாமல் உள்ளுக்கை இருந்தனாங்கள். அவர் வெட்டின வெட்டு அப்பிடி.”

கோபிசங்கர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கிணற்றைப் பார்த்தார். பத்மாசினியும் பார்த்தார். முப்பத்தைந்து மாரியின் தண்ணீரும் எங்கே போயிற்று என்று அப்போதுதான் யோசித்தார்.

“கல்லுக்கை வெடிப்பு இருக்கும்,” என்றார் கோபிசங்கர். “தண்ணி அதாலை கிணத்துக்கை இறங்கும். எல்லாம் உதாலைதான் வந்ததெண்டு சொல்லேலாது. தோட்டத்து உரம் இருக்கு, மலகூடக் குழியள் இருக்கு. உங்கடை கிடங்கும் இருக்கு. பெரியாக்களுக்கு உடனை ஒண்டும் செய்யாது. மாப்பால் குடிக்கிற சின்னப் பிள்ளையளுக்கு உந்தத் தண்ணி கூடாது. சொண்டு நீலம் பாயும்.”

“கொதிக்கவைச்சு ஆறவிட்டுத்தானே குடுக்கினம்?”

“கொதிக்கவைச்சால் உது போகாது அம்மா, இன்னும் கூடும். மற்ற வீடுகளுக்கும் இண்டைக்கே சொல்லவேணும்.”

“நான் சொல்லுறன், தம்பி.”

தோட்டத்து உரம் என்று சொன்னால் போதும். அது பொய்யுமில்லை. வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு நிவேதனாவின் படி ஏறும்வரை அந்தச் சொல் அவர் வாயில் தயாராக இருந்தது. உள்ளே அவளுடைய மூன்று மாதப் பெண் குழந்தை ஏணைக்குள் விழித்துக் கிடந்தது. பத்மாசினி குனிந்து அதன் உதட்டைப் பார்த்தார். யன்னல் சீலையை விலக்கி வெளிச்சத்தில் மறுபடி பார்த்தார்.

“என்ன அன்ரி, பொம்பிளை பாக்க வந்தமாதிரிப் பாக்கிறியள்?”

“சொண்டு எப்பவும் உந்த நிறந்தானோ, பிள்ளை?”

“ஓம். ஏன்?”

அவர் சொன்னார். கிடங்கை முதலில் சொன்னார், தோட்டத்தைப் பிறகு. நிவேதனா மேசையில் கரைத்து வைத்திருந்த மாப்பால் போத்தலை எடுத்து வெளியே ஊற்றினாள்.

“எத்தினை நாளாய், அன்ரி?”

“தெரியாது, பிள்ளை.”

பின்னேரம் ஐந்து வீட்டாரும் கிணற்றடியில் கூடினார்கள். பின்வளவுக்கார நீக்கிலாப்பிள்ளை சோதனைக் கடதாசியை இரண்டுதரம் படித்தார்.

“அப்ப என்ரை வீட்டு மீன் செதிலை நாலு வருசமாய் நானே திருப்பிக் குடிச்சனான் எண்டுறியள், பத்மாக்கா?”

இரண்டு பேர் சிரித்தார்கள். நிவேதனா சிரிக்கவில்லை. அவளைக் கண்டதும் நீக்கிலாப்பிள்ளையின் குரல் இறங்கியது. “சனிக்கிழமை மண்வெட்டியோடை வாறன். மழைக்கு முந்தி அள்ளிப்போடவேணும்.”

சனிக்கிழமை கிடங்கு அடிவரை வெறுமையாயிற்று. அடியில், கல்லின் நடுவே, கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. பத்மாசினி இறங்கி அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். குளிர்ந்தது. வெளியே ஏறி வந்ததும் முதல் கூடைக் களிமண்ணைத் தானே கொட்டினார். திரும்பிக் கிணற்றுக் கட்டைப் பார்த்தபோது அங்கே நிவேதனாவுக்குக் கொடுத்த பெயின்ற் வாளி இருந்தது. கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

இப்போது குவியல் வளவின் பின்மூலையில், சீமெந்துத் தளத்தின் மேல், தகரக் கூரைக்குக் கீழே கிடக்கிறது. மூன்று வீட்டு வாளிகள் வருகின்றன. குழந்தைக்கான போத்தல் தண்ணீரைப் பத்மாசினி ஒன்றைவிட்ட ஒருநாள் மருதனார்மடத்துக் கடையில் வாங்கி வந்து நிவேதனாவின் வாசலில் வைக்கிறார். கிணற்றுத் தண்ணீரைத் தை மாதக் கடைசியில் மறுபடி சோதிப்பார்கள்.