மாத்துய்யா, நான் பாத்துக்கிறேன்

வீட்டுக்குப் பாலிசி போடும்வரை வாய் நிறையப் பேசுகிற தொழில் இது. கூரை போன பிறகு மறுப்புக் கடுதாசிதான் பேசும். அந்தக் கடுதாசியை வாங்கி வயிறெரிந்த புண்ணியவான்களே, செஞ்சியில் அதை உங்கள் கையில் கொடுத்தவன் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. தவறிய கையோடு, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டான என் சித்தப்பா ஆபீசில் என்னை உட்கார வைத்தார்கள். எனக்கு உருப்படியாக வந்தது ஒன்றுதான்: யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் அப்படியே பேசிவிடுவேன்.

குரங்கு சேராது

கோட்டைக் குரங்குகள் மளிகைக்கடைக்காரர் வீட்டின் மேல் சண்டை போட்டுப் பாதி ஓடுகளைக் கீழே தள்ளிவிட்டன. தீ, இடி, புயல் பாலிசியில் உண்டு, குரங்கு இல்லை. மறுப்புக் கடுதாசியை, சேதம் பார்க்க வரும் மெட்ராஸ் சர்வேயரின் மூக்குக் குரலில் நான் படித்துக் காட்ட, கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை.

"எப்பவோ வர்ற புயல சேத்துக்கினீங்க, தெனம் வர்ற கொரங்க வுட்டுட்டீங்களே, இன்னா நாயம்யா இது?"

தடுப்புக்குப் பின்னால்

ஆபீஸ் ஒரே அறை, நடுவில் பலகைத் தடுப்பு. சித்தப்பா அதற்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டபடியே பேசுவார். வந்தவர்கள் இந்தப் பக்கம் நின்று பலகையோடு பேசுவார்கள்.

அன்று அமாவாசை. சித்தப்பா மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருந்தார். வல்லத்திலிருந்து ஆரோக்கியசாமி படியேறி வரும் சத்தம் கேட்டது. புயலில் ஓடு பறந்து நஷ்டஈட்டுக்கு மனு கொடுத்திருந்த விவசாயி அவர். நான் தடுப்புக்குப் பின்னால் ஓடி ஒளிந்தேன்.

"சார், சர்வேயர் எப்ப வருவாரு? பொண்டாட்டி பச்ச ஒடம்புக்காரி, கொயந்த மேல ஒழுவுது. ஓட்ட மாத்திடட்டா?"

சர்வேயர் பார்க்கும்வரை உடைந்த ஓட்டில் கை வைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சித்தப்பா குரல் தொண்டையில் வந்து நின்றுவிட்டது. வாயில் சோறு இருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, "மாத்துய்யா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். உடனே வெளியே வந்து "பே" என்று சிரிப்பதாகத்தான் எண்ணம். பலகை இடுக்கில் பார்த்தால், மனுஷன் பலகையைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். சிரிப்பு வரவில்லை, வெளியே போகவும் கால் வரவில்லை.

"நீங்க சாப்டுங்க சார், ஒங்க வாயால சொன்னீங்களே, அது போதும்."

புது ஓடு

பத்து நாள் கழித்து சர்வேயரோடு வல்லம் போனோம். கூரை முழுக்கப் புது ஓடு. கறவை மாட்டை விற்று வாங்கியதாம். உடைந்த ஓடுகளையெல்லாம் வாசல் சேற்றை மூட இடித்துப் போட்டிருந்தார். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அமாவாச அன்னிக்கு நீங்கதான சார் சொன்னீங்க?" என்றார் ஆரோக்கியசாமி. "நானா? அமாவாசைக்கு நான் ஊர்லயே இல்லியேய்யா!" நான் சர்வேயரின் பையைப் பிடித்தபடி செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வேயர் அண்ணாந்து பார்த்தார்.

"கூரை நன்னாத்தானே இருக்கு, என்னை எதுக்குய்யா கூப்பிட்டே?"

வேறு யாருக்கும் கேட்காத குரல்

மறுப்புக் கடுதாசி வந்த அன்று சித்தப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அறைந்தார். பிறகு உட்கார்ந்து கம்பெனிக்கு விளக்கம் எழுதினார். சர்வேயர் பார்க்காத சேதத்துக்குப் பணம் தர வழியில்லை என்று அதே கடுதாசி மறுபடி வந்தது. அதை எடுத்துக்கொண்டு நானே வல்லம் போனேன்.

சொல்லி முடித்தேன். ஆரோக்கியசாமி அடிக்கவில்லை. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இவ என்னிய நம்பல தம்பி. யாரும் சொல்லாமயே நானே மாட்ட வித்துட்டு கத வுடுறேன்றா. அதே கொரல்ல ஒரு தபா சொல்லு, கேக்கட்டும்."

சொன்னேன். மாடு இருந்த இடத்தில் கயிறு மட்டும் முளையில் கிடந்தது. அந்தம்மா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு புருஷனை ஒரு பார்வை பார்த்தார், பிறகு என்னை.

"பாலிசி போட வந்தாரே, அப்பிடியே அவரேதான். போதும்பா, கொயந்த முயிச்சிக்கும்."

ஊரில் உள்ள எல்லார் குரலும் வருகிற எனக்கு, 'மன்னிச்சிடுங்க' என்பதை யார் குரலில் சொல்வதென்று மட்டும் தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன்.