தொண்ணூற்று ஐந்து வாங்கிய ஒற்றை வரி

நான் எழுதிய நிரல்களிலேயே அதிகம் பாராட்டு வாங்கியது ஒரே ஒரு வரிதான். அதைக் கிண்டலுக்கு எழுதினேன். கிண்டல்கூடப் புரியாத ஆளிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். புள்ளியியல் படித்துவிட்டு, ராயபுரத்தில் ஒரு மீன்வலைக் கடைக்கு மேலே இருந்த சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸில் சேர்ந்திருந்தேன். மேலாளர் தெற்கிலிருந்து காரில் வருவார். பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது ஏற்றிய கண்ணாடியை மாலையில் திரும்பிப் போகும்போதுதான் இறக்குவார். இந்த மீன் வாடையில் எப்படித்தான் இருக்கிறீர்கள் என்று தினமும் கேட்பார். அவர் பிழைப்பு நடந்தது எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளை வைத்து. அந்தப் பணத்தின் வாடை மட்டும் அவருக்கு ஒத்துக்கொண்டது.

எண்ணூர்ப் பக்கம் ஒரு இரும்புத் தொழிற்சாலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை இயந்திரச் சம்மட்டி அடிக்கிற பட்டறையில் என் தாய்மாமா வேலை பார்த்தார். அந்தச் சத்தம் மெல்ல மெல்லக் காதைத் தின்றுவிடும். காது கெட்டுவிட்டதென்று டாக்டர் எழுதினால் சத்தமில்லாத ஸ்டோருக்கு மாற்றல் கிடைக்கும், மிச்சம் மீதிக் காதாவது தப்பும். மாமா அந்த மாற்றலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அத்தை பின்னாலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது.

டாக்டருக்குப் பதிலாக கம்ப்யூட்டரே காதைப் பார்த்துச் சொல்லிவிடும் என்று எங்கள் மேலாளர் தொழிற்சாலைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஒரு வேன் வரும். அதற்குள் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஆள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். அந்தப் பதிவை வைத்து என் நிரல் ஒவ்வொருவரையும் நல்ல காது, கெட்ட காது என்று பிரிக்கும். முதல் சுற்றில் டாக்டரும் அதே ஆட்களைப் பார்ப்பார். அவர் தீர்ப்போடு நிரலின் தீர்ப்பு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளப்பது என் வேலை. அடுத்த சுற்றிலிருந்து டாக்டர் கிடையாது. மாமாவின் முறை அடுத்த சுற்றில்.

அளந்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு சரி. மேலாளர் ஆபீஸுக்கே இனிப்பு வாங்கிவரச் சொன்னார்.

இனிப்பு வருவதற்குள் நான் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டேன். டாக்டர் சொன்னது ஒரு பக்கம், நிரல் சொன்னது ஒரு பக்கம். நூறு பேரில் ஐந்து பேருக்குக் கெட்ட காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஐந்து பேருமே நல்ல காது என்றது நிரல். கேன்டீனில் பூரி சுடுகிற ஒருவரை மட்டும் அநியாயமாகச் செவிடாக்கியிருந்தது. யாரைக் கண்டுபிடிக்க இவ்வளவு கூத்தோ, அவர்களில் ஒருவர்கூட அகப்படவில்லை. கேன்டீன், கணக்குப் பிரிவு, வாட்ச்மேன் என்று காது கெடவே வழியில்லாத கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டதால் வந்த தொண்ணூற்று நான்கு அது.

அந்த வாரமே மாமா கூண்டுக்குள் போய்விட்டு வந்தார். வரும்போதே பரீட்சையில் தேறிவிட்டவர்போல முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாம் கரீட்டா அமுக்கினேன்மா. ஒண்ணு வுடல. இந்தவாட்டி ஸ்டோருக்கு மாத்திருவானுங்க."

"சத்தம் கேட்டுச்சா மாமா?"

"சத்தம் எங்க கேக்குது? கண்ணாடிக்கு அந்தாண்ட ஒருத்தன் மிசின்ல கை வச்சிகினு குந்திகினு கீறான். அவன் கை அசைய சொல்லோ நான் அமுக்கினேன். பட்டறைல நாங்க அப்டித்தான பேசிக்கிறோம்."

பட்டறைச் சத்தத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை. கையைப் பார்த்துத்தான் எல்லாம். காது எவ்வளவு போயிருக்கிறதோ அவ்வளவுக்குக் கண் பழகியிருக்கும். கூண்டுக்குள் செவிடர்களே முதல் மார்க் வாங்கியது அதனால்தான். டாக்டரோ ஆளின் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பாராம். அந்த வேனைச் செய்த மேதாவிகளுக்கு நடுவில் ஒரு துணியைத் தொங்கவிடத் தோன்றவில்லை.

மறுநாள் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"தொண்ணூத்தி நாலும்மா. காலேஜ்ல நீ எவ்வளவு வாங்கினே?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மத்தியானம் உட்கார்ந்து அந்த ஒற்றை வரியை எழுதினேன். யார் வந்தாலும், பதிவில் என்ன இருந்தாலும், பதில் ஒன்றுதான்: நல்ல காது. அதையும் முறைப்படி அளந்தேன். தொண்ணூற்று ஐந்து. இரண்டு கட்டங்களையும் அச்செடுத்து அவர் மேஜையில் வைத்தேன்.

"சார், இது யார் காதையும் பாக்காது. வேன் வேணாம், கூண்டு வேணாம். இருந்தும் அதைவிட ஒரு மார்க் கூட. இப்பவாவது இந்த மார்க்கோட லட்சணம் தெரியுதா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். புத்தி வந்துவிட்டதென்று நானும் நம்பினேன்.

"பிரமாதம்மா. இதையே அனுப்பிடலாம். எவ்வளவு வேகமா ஓடுது பாரு."

அனுப்பியும் விட்டார். தொழிற்சாலைக்குக் கசக்குமா என்ன? யாரையும் மாற்ற வேண்டாம், டாக்டரும் வேண்டாம். நான் நேரே அங்கே போய்ப் பேசிப் பார்த்தேன். மேலாளரிடம் பேசிக்கொள்ளச் சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மேலாளர் எனக்கு அனுபவம் போதாது என்றார். அவருடைய அனுபவத்தைப் பார்த்தபின் எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அந்த மாதத்தோடு வேலையை விட்டேன்.

முடிவு வந்த சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன். சந்தில் குந்தியபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என் நிழல் சக்கரத்தில் விழுந்ததைப் பார்த்துக் கண்டுகொண்டார்.

"இன்னாம்மா சொல்ட்ச்சு உன் கம்ப்யூட்டரு?"

முன்னால் போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நின்ற இடத்திலேயே சொன்னேன். "உனக்கு நல்ல காதுன்னு சொல்ட்ச்சு மாமா."

"இன்னா?"

உரக்கச் சொன்னேன். அதற்கும் "இன்னா?" என்றார். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்தார், மாடியிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. மாமாவுக்கு நல்ல காது என்பது சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது.

மாமா திரும்பாமலே இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.

"சொல்லும்மா. இன்னா சொல்ட்ச்சு?"