ஆமா போட்ட நூலகம்

சத்தம் போடுகிறவர்களை முறைப்பதற்குச் சம்பளம் வாங்குவதுதான் நூலகர் வேலை. முறைத்தே கண் வலித்தவர்களுக்கு என் பாடு புரியும். தோவாளைப் பக்கத்து என் கிளை நூலகத்தில் முறைக்கவும் ஆள் இல்லை. இப்படியே போனால் மூடிவிடுவோம் என்று மேலதிகாரி எழுதிவிட்டார். பயந்துபோய்ச் சனிக்கிழமைதோறும் வில்லுப்பாட்டு வைத்தேன்.

நகராத நாற்காலி

வில்லுக்கு நீளமான இடம் வேண்டும் என்று மேசைகளை நகர்த்தினோம். பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் மட்டும் எழுந்திருக்கவில்லை. பாடுகிற செல்லத்தங்கம் அக்காவுக்கும் குடம் அடிக்கிற தாணு அண்ணனுக்கும் நடுவே பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார். "சார், கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

"நீங்க பாடுங்கம்மா, எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்றார் அக்காவிடம்.

சாமி கேட்ட புத்தகம்

மாடன் கதை சூடுபிடித்தபோது பூக்கட்டும் ராஜம்மைக்குச் சாமி வந்துவிட்டது. "என்ன வேணும்னு கேளுங்க சாரே" என்றார் அக்கா. கேட்டேன். வீட்டுக்குத் தர முடியாது என்று மூன்று மாதமாக நான் மறுத்து வந்த கோலப் புத்தகத்தைச் சாமி நேராகக் கைகாட்டியது. எடுத்துக் கொடுத்தேன். பழக்கதோஷத்தில், எப்போது திரும்ப வரும் என்றும் கேட்டுவிட்டேன்.

"அடுத்த வருசக் கோயில் கொடைக்குலே" என்றது சாமி.

முப்பது வருடப் பழக்கம்

வில்லுப்பாட்டில் அக்கா ஒரு வரி சொன்னால் தாணு அண்ணன் "ஆமா" போடவேண்டும். முப்பது வருடமாகப் போடுகிறார். மேலதிகாரி பார்வையிட வந்த அன்று சன்னலில்கூட ஆள் தொங்கியது. பிழைத்தோம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் தலையாட்டிக் கேட்ட ஐயா, மைக்கைப் பிடித்தார்.

"பாட்டு நல்லா இருக்கு."

"ஆமா" என்றார் தாணு அண்ணன்.

"ஆனா, புத்தகம் எடுக்க ஆள் இல்லை."

"ஆமா."

"அதனால மூடிடறதுதான் நல்லது."

"ஆமா."

எனக்கு உயிரே போய்விட்டது. தாணு அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா அவரை ஒரு முறை முறைத்தார். என் முறைப்பெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது. பிறகு வீசுகோலை எடுத்து வில்லில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"வந்தாரே அதிகாரி ஐயா!"

"ஆமா."

"பாத்தாரே சனக்கூட்டம்!"

இந்தத் தடவை கூட்டமே ஆமா போட்டது. வாத்தியாரும் பேப்பருக்குள்ளிருந்து போட்டார்.

"நூலகம் இங்கயே இருக்கட்டும்னு சொன்னாரே!"

மறுபடி தலையாட்டத் தொடங்கியிருந்த ஐயா, மைக் கையில் இருப்பதையே மறந்து, எல்லோருக்கும் முந்திக்கொண்டு சொன்னார்: "ஆமா."

ஊர் முன்னால் சொன்ன சொல்லை ஐயா மாற்றவில்லை. குடம் ஆடாமல் இருக்க 'அமைதி காக்கவும்' பலகையை அண்டை கொடுக்கட்டுமா என்று தாணு அண்ணன் கேட்டபோது, நானும் ஆமா போட்டுவிட்டேன்.